மாஸ்டர் எறிந்த துண்டு

நடுவரே, என் தம்பியின் இடது கண்ணைக் கெடுத்தது நீங்கள்தான்.

ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வரும் என் தம்பி மாதிரிப் பையன்களுக்குக் கிக் பாக்ஸிங் சொல்லித்தந்தவர் ஒரு ஜப்பான்காரர். தன் ஊரில் பல வருடம் சண்டை போட்டவர். மூக்கு உடைந்து சப்பையாக இருக்கும். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. வேர்த்து ஊற்றினாலும் அதில் முகம் துடைக்கமாட்டார்.

"இன்னா மாஸ்டர், துண்டு சும்மா ஸ்டைலுக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொடைக்க இல்ல. பையன் முடியல, நான் உள்ள போடு, சண்டை ஸ்டாப்," என்றவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு யாரும் போடல."

படப்பையில் நடந்த போட்டியில் தம்பி கயிற்றில் சாய்ந்து உதை வாங்கியபோது மாஸ்டர் துண்டை எறிந்தார். நம் ஊரில் சந்தோஷம் வந்தால்தானே துண்டு பறக்கும்? கூட்டமும் விசிலடித்துத் தன் துண்டுகளை வீசியது. எதிராளிகூட நின்றுவிட்டான். நீங்கள் மாஸ்டரின் துண்டைக் காலால் தள்ளிவிட்டு, "இன்னாடா நிக்கிற, அடி!" என்றீர்கள். மாஸ்டர் ஓடிவந்து தம்பிமேல் விழுவதற்குள் கண் போய்விட்டது.

இன்றும் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பிமுன் தலை குனிந்து நிற்கிறார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தத் துண்டு எதற்கு விழுந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதே மேடையில் ஏறி, மைக் பிடித்துச் சொல்லுங்கள்.