பதினைந்து திரிகளும் பன்னிரண்டு மாணவர்களும்

சிவரூபினி வென்றெடுத்தவை இவை: மூன்று தரம் மறுக்கப்பட்டு நாலாம் தரம் கிடைத்த விசா. லண்டனில், டூட்டிங் கடையொன்றில் ஷிப்ட் செய்துகொண்டே படித்து, நாற்பத்தொரு வயதில் வாங்கிய பட்டம். குரோய்டனில் ஒரு சின்னக் கல்லூரியில் பதினொரு வருடம் மணித்தியாலச் சம்பளத்துக்குப் படிப்பித்த பிறகு, சாவியுள்ள ஒரு மேசை லாச்சி.

அந்தக் கல்லூரிக்கு ஆசியக் கற்கைகளை விரிவாக்க நன்கொடை கிடைத்தது. முதலில் யானைப் படத்தோடு ஒரு பலகை வந்தது. அடுத்து, ஆசியா எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். மிஞ்சியதில், சிவரூபினி பல வருடமாகக் கேட்ட ஈழத்தமிழர் வரலாற்றுப் பாடநெறிக்கு இடம் கிடைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு மாணவர்கள் வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் யோகாவுக்குப் போய்விடும்" என்றார் துறைத் தலைவர் பியற்றிஸ்.

செவ்வாய்க்கிழமை வரை சேர்ந்தவர்கள் நாலு பேர். ஆனால் பாடநெறியின் ஆலோசனைக் குழுவில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். போஷகர், உபபோஷகர், செயலாளர், உபசெயலாளர் என்று ஒருவருக்கும் பதவிக் குறையில்லை. அன்று குழு கூடியது, தொடக்க விழாவில் யார் விளக்கேற்றுவது என்று தீர்மானிக்க.

"போஷகர் நான். முதல் திரி எனக்கு" என்றார் தியாகராஜா.

செயலாளர் துஷாந்தன் விடவில்லை. "அண்ணை, ஊர்ச் சங்கத்திலயும் நீங்கள்தானே ஏத்தினனீங்கள்? மற்றாக்களுக்கும் கை இருக்கு."

"கை இருக்கு. பதவி இருக்கோ?"

சிவரூபினி எழும்பினாள். "விளக்கேத்திறது மாணவர் மட்டும்தான். அதுதான் விதி." அந்த விதிக்கு அப்போது வயது அரை நிமிடம்.

"பிள்ளை, எனக்கோ வரலாறு படிப்பிக்கப் போறாய்? நானே வரலாறு!" என்றார் தியாகராஜா.

"அப்ப வகுப்பில வந்து இருங்கோ அண்ணை. எல்லாரும் பாக்கட்டும்."

துஷாந்தன் மெல்லக் கேட்டான்: "எத்தினை திரி?"

"மூண்டு விளக்கு, பதினைஞ்சு திரி. நாலு திரிக்கு ஆக்கள் இருக்கினம்." சிவரூபினி மாணவர் சேர்க்கைப் படிவங்களை மேசையில் பரப்பினாள்.

துஷாந்தன் பேனையை எடுத்ததைக் கண்டதும் தியாகராஜா அவனுடைய படிவத்தையே பறித்து நிரப்பினார். பத்து நிமிடத்தில் பதினொரு படிவம் முடிந்தது. பிந்தின எட்டுப் பேர் நாலாவது விளக்குக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. மண்டபத்துக்குள் நெருப்புக்கு அனுமதியில்லை என்பதால் பற்றரித் திரிகள். தியாகராஜா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். பிறகு முதல் வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார். கேள்வி முடிய இருபத்தைந்து நிமிடம் சென்றது. சிவரூபினி கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுக்கு ஆதாரம் எங்கை அண்ணை? வாற கிழமை கொண்டு வாங்கோ" என்றாள். அவர் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டார்.

பியற்றிஸ் தலைகளை இரண்டு தரம் எண்ணிவிட்டுப் பதிவேட்டை நீட்டினார். இத்தனை வருடமும் சிவரூபினியின் வகுப்புகளுக்கு வேறு யாரோதான் ஒப்பமிட்டார்கள். இந்தமுறை 'பாடநெறிப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் அவளே முழுப்பெயரையும் எழுதி ஒப்பமிட்டாள். திகதி 14 ஒக்டோபர் 2022.