கிணற்றில் நீந்தினவன் கடலில் பலகை விட்ட கதை

பலகை வாடகைக்கு விடுகிற தொழிலில் வாடிக்கையாளர் தண்ணிக்குள் விழுந்தால் அது பயிற்சி, வேலைக்காரன் விழுந்தால் அது விளம்பரம். அப்படிப் பார்த்தால் ஒரு கோடை முழுக்க நான் செய்த விளம்பரம் கொஞ்சநஞ்சமில்லை. தெரியாத வேலைக்கு "ஓம், தெரியும்" என்று தலையாட்டிப்போட்டு லண்டன் முழுக்க முழிச்சுக்கொண்டு திரியிற என் சகபாடிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஒரு 'ஓம்'

2009ஆம் ஆண்டு. லண்டனில் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்த நேரம். நான் லிண்டா என்ற வெள்ளைக்கார மனிசியின் விளையாட்டுச் சாமான் கடைக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தன். அவவும் கடையைச் சாத்தினா. சாத்திப்போட்டு, மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவில் பெடில் போர்ட் வாடகைக்கு விடப்போறன், வாறியோ என்று கேட்டா. பெடில் போர்ட் என்றால் ஆளைவிட நீளமான பலகை. அதன்மேல் எழும்பி நின்று, நீட்டுத் துடுப்பால் வலிச்சுக்கொண்டு கரையோரமாகப் போறது. "நீ தீவிலை பிறந்த ஆள், கடல் உனக்குப் புதிசில்லை. நீந்துவாய்தானே?" என்றா. நான் "ஓம்" என்றன்.

பொய்யில்லை. நீந்துவன், தோட்டக் கிணற்றில். எங்கடை ஊர் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் விளையிற செம்மண் ஊர், கடல் பார்க்க பஸ் எடுக்க வேணும். கிணற்றில் நாலு தரம் கை வீசினால் சுவர் வரும், பிடிச்சுக்கொள்ளலாம். கடலுக்குச் சுவர் இல்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைச்சது. 

அதோடு லிண்டா ஒரு நிபந்தனையும் வைச்சா. முதல் மாதம் முடியிறதுக்குள் எல்லா வேலையாளும் பலகையில் நின்றபடி, கரையிலிருந்து தெரியிற ஒரு பெரிய பாறை வரைக்கும் போய்த் திரும்ப வேணும். ஏலாதவருக்கு லண்டன் டிக்கெட். லண்டனில் எனக்காகக் காத்திருந்தது வேலையில்லாதவர் நிற்கிற ஜொப் சென்டர் வரிசை மட்டும்தான். ஐம்பத்தாறு வயதில் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க எனக்கு மனமில்லை. லண்டன் பிளேஸ்டோவில் எங்கடை வீட்டில் பெட்டி அடுக்கேக்கை என்ரை மனிசி சொன்னது: "பாத்டப்புக்குள்ளை கால் வைக்க என்ரை தோளைப் பிடிக்கிற ஆள் நீங்கள். அங்கை ஆரின்ரை தோளைப் பிடிக்கப் போறியள்?"

கடலைக் கிண்டினது

பெடில் போர்ட் துடுப்பின் இலை கொஞ்சம் வளைஞ்சிருக்கும். பார்க்கிற எவரும் அகப்பை மாதிரி, குழிஞ்ச பக்கம் தன்னைப் பார்க்கத்தான் பிடிப்பார். நானோ லண்டன் கோயிலில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சாம்பார் கிண்டிப் பழகின கை. அப்படியே பிடிச்சன். பிடிச்சது போதாதென்று, வந்த வாடிக்கையாளருக்கும் ஒரு கிழமையாக அப்படியே படிப்பிச்சன். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகக் கிண்டினார்கள். ஒருவரும் பெரிசாக எங்கேயும் போய்ச் சேரவில்லை. கரையோரம் வடிவாக இருக்குது, ஆறுதலாகப் பார்க்கினம் என்றுதான் நான் நினைச்சன்.

எங்களோடு வேலை செய்த கொஸ்தாஸ் அந்தத் தீவுக்காரன். கடலிலேயே வளர்ந்தவன், அதிகம் கதைக்க மாட்டான். எட்டாம் நாள் வந்து என் கையிலிருந்த துடுப்பை வாங்கி, மறுபக்கம் திருப்பித் தந்தான். தந்துபோட்டுச் சொன்னான்: "சிவா, நீ கடலைக் கிண்டுறாய். அது வேகாது."

முழங்கால்

துடுப்பு திருந்திச்சுது, கால் திருந்தவில்லை. ஆட்கள் வரமுதல் விடியக் காலமை போய்ப் பழகுவன். முழங்காலில் நின்றால் பலகை சொன்ன சொல் கேட்கும். எழும்பினால் என்னை உதறிப்போடும். கண்ணாடி மாதிரிக் கிடக்கிற கடல். ஒரு சத்தம் இல்லை. நான் விழுகிற சத்தம் மட்டும் மலையில் பட்டுத் திரும்பி வரும். கிழக்குப் பக்கம் பார்த்து, துடுப்பை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைச்சு, முழங்காலில் ஒருத்தன் தினமும் இருக்கிறதைக் கண்ட ஒரு ஜெர்மன்காரர், பயபக்தியோடு கிட்ட வந்து இது எந்தச் சமயம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை எழுபது வயது தாண்டின ஒரு இங்கிலீஷ் அம்மா வந்தா. பலகையில் ஏறினா, ஒரு மூச்சு விட்டா, எழும்பி நின்றா. அவ்வளவுதான். பக்கத்தில் முழங்காலில் இருந்த என்னைக் குனிஞ்சு பார்த்துச் சொன்னா: "எனக்கு ரெண்டு முழங்காலும் ஆசுப்பத்திரியிலை மாத்தினது, தம்பி. உன்ரை ஒரிஜினல்தானே?"

ரெண்டு ராகு காலம்

மாதம் முடிய இன்னும் ரெண்டு நாள். வெள்ளிக்கிழமை. லண்டன் ஹரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் விடுமுறைக்கு வந்து, பத்து மணிக்கே கடற்கரையில் நிற்குது. கணவன் தேவன், கொம்பியூட்டர் வேலை. மனைவி ரஞ்சினி. தமிழ்க் குரல் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. பலகைகளை இறக்கித் தண்ணியில் விட்டால், தேவன் பொக்கெற்றிலிருந்து மடிச்ச ஒரு தாளை எடுக்கிறார். லண்டன் கடையில் குடுத்த கலண்டரின் தாள்.

"பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது அண்ணை. பன்னிரண்டுக்குப் பிறகு ஏறுவம்."

"அது லண்டன் நேரமப்பா. இஞ்சை ரெண்டு மணித்தியாலம் முன்னுக்கெல்லே நிக்குது. அப்ப ராகு பன்னிரண்டரைக்குத்தான் வருவார்" என்றா ரஞ்சினி.

"சூரியன் இஞ்சைதானே நிக்குது? இந்த ஊர் மணிதான் கணக்கு."

"கலண்டர் அடிச்சது ஆர்? இந்த ஊர்க்காரனோ?"

இந்த இடத்தில் ஒரு நல்ல வேலைக்காரன் என்ன சொல்ல வேணும்? காலமையில்தான் கடல் அமைதி, மத்தியானத்துக்குப் பிறகு கரையிலிருந்து வெளிப்பக்கம் காற்று அடிக்கும், இப்பவே ஏறுங்கோ என்று சொல்ல வேணும். கொஸ்தாஸ் எனக்கு அதைப் பத்துத் தரம் சொல்லியிருந்தான். ஆனால் ராகு என்ற சொல்லைக் கேட்டதும் நானும் விரல் விட்டு நேரம் எண்ணத் தொடங்கினன். "எதுக்கும் ரெண்டு ராகுவையும் கழிச்சிட்டு, ரெண்டு மணிக்கு ஏறுங்கோவன்" என்று தீர்ப்புச் சொன்னன். ரெண்டு பேருக்கும் பெரிய சந்தோசம். 

ரெண்டு மணிக்குத் தேவன் ஏறினார், முதல் தரத்திலேயே நெடுநெடு என்று எழும்பி நின்றார். காற்றுக்கு வேறென்ன வேணும்? நின்ற மனிசனைக் கப்பல் பாயாகப் பிடிச்சுக்கொண்டு வெளிக்கடலுக்கு வெளிக்கிட்டுது. ரஞ்சினி என் கையைப் பிடிச்சு உலுப்பினா: "அண்ணை, ராகு போயிட்டார், ஆனால் என்ரை மனிசனையும் கூட்டிக்கொண்டெல்லே போறார்!"

பாறை

கொஸ்தாஸ் மோட்டர் வள்ளத்தோடு அடுத்த குடாவுக்குப் போயிருந்தான். லிண்டா அவனுக்குப் போன் அடிச்சுக்கொண்டு நின்றா. வள்ளம் வர அரை மணித்தியாலம் செல்லும். தேவனோ சின்னனாகிக்கொண்டே போறார். நேரம் குறிச்சுக் குடுத்தது நான். பலகையை இழுத்துக்கொண்டு இறங்கினன், முழங்காலில்தான். காற்று பின்னாலே தள்ளினபடியால் போறது சுகம், அதுதான் பயமும். "படுங்கோ தம்பி! பலகையிலை குப்புறப் படுங்கோ!" என்று கத்தினன். அவர் படுத்த பிறகு ஓட்டம் குறைஞ்சுது. கிட்டப் போய் அவரின் பலகைக் கயிற்றை என் பலகையில் கட்டினன். காற்றுக்கு எதிராக ரெண்டையும் இழுக்க எனக்குச் சத்தியமாக ஏலாது. பக்கவாட்டில் வலிச்சு வலிச்சு லிண்டாவின் சோதனைப் பாறைக்குப் போய்ச் சேர்ந்து, ரெண்டு பேரும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டம்.

"அண்ணை, நீங்கள் நல்லா நீந்துவியள் என்ன?" என்று கேட்டார் தேவன்.

"கிணத்திலை" என்றன். 

மனிசன் பாறையை இன்னும் இறுக்கிப் பிடிச்சார். "நான் ஹரோ நீச்சல் குளத்திலை, ஆழமில்லாத பக்கம்." 

பிறகு கொஸ்தாஸ் வள்ளத்தோடு வந்து எங்களைப் பாறையிலிருந்து உரிச்செடுத்தான்.

கரைக்கு வந்ததும் ரஞ்சினி புருஷனைக் கட்டிப் பிடிச்சு அழுதுகொண்டே ஏசினா. நான் லிண்டாவிடம் போனன். கிணற்றுக் கதை, ராகு காலக் கதை, நேரம் குறிச்ச கதை எல்லாவற்றையும் என்ரை உடைஞ்ச இங்கிலீசில் கொட்டினன். பாறைக்கு முழங்காலில் போய் வள்ளத்தில் திரும்பினவனுக்கு டிக்கெட்தான் என்று மனதில் பெட்டியும் அடுக்கியாச்சு. அவ என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னா: "சிவா, மணலிலை நிண்டு பலகை கழுவேக்கையும் லைஃப் ஜாக்கெட் கழட்டாத ஆள் நீ ஒருத்தன்தான். நீ கடலுக்குப் புதிசு எண்டு முதல் நாளே எனக்கு விளங்கினது. நாளையிலை இருந்து இடுப்பளவு தண்ணியிலை நில். காற்று எழும்பினால் ஒருத்தரையும் உன்னைத் தாண்டிப் போக விடாதை, எந்தக் கிரகம் நல்லாயிருந்தாலும்."

இப்பவும் பிளேஸ்டோவில் ஆராவது கேட்டால், மத்தியதரைக் கடலுக்கு நான் ஒரு கோடை மனேஜராக இருந்தனான் என்றுதான் சொல்லுவன். இடுப்பளவு ஆழத்துக்கு மட்டும் என்பதை அவை கேட்டால்தானே சொல்ல வேணும்.