சிம்மக்கல் வரை நின்ற சென்ட்

கண்டக்டர் சூரியபிரகாஷ் சென்ட்டின் தரத்தைப் பஸ் ஸ்டாப்பால்தான் அளப்பார். உசிலம்பட்டியில் பூசிக்கொண்டு மதுரை வண்டி ஏறுவார். எலுமிச்சை வாசனை செக்கானூரணியைத் தாண்டவில்லை. "இதெல்லாம் ஒரு சென்ட்டா?" என்று பாட்டிலையே வைதார். சந்தனம் காளவாசல் வரை வந்தது. வெயில் ஏறியதும் புளித்துப்போனது.

மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தரைப் பூசிய அன்று, பின்படியருகே நின்று "உள்ள போங்கப்பா" என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் படியில் தொங்கிய கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு தானாகவே உள்ளே நகர்ந்தது. பதினெட்டு வருஷமாகக் கத்தியும் நடக்காத காரியம் அது.

காளவாசலையும் தாண்டி, சிம்மக்கல்லில் டிரைவர் பேயாண்டி இறங்கி வந்தார். "ஏம்ப்பா, என்னத்தப் பூசித் தொலச்ச? அங்கன முன்சீட்டுல எனக்குக் கண்ணு எரியுது!"

சூரியபிரகாஷ் சிரித்துக்கொண்டே மச்சினனுக்கு போன் போட்டார்.

"மாப்ள, அதே அத்தர்ல இன்னும் ஆறு பாட்டில் அனுப்பு."