ஒட்டுப்போட்ட நெற்றி

என் மனைவியின் அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பழைய படங்களைச் சரிசெய்வதில் எமகாதகன். செத்தவர் படத்தில் மூக்கு அரித்துப் போயிருந்தால், மகனை உட்காரவைத்துப் படமெடுத்து அந்த மூக்கை ஒட்டிவிடுவான். வீட்டார் பார்த்துவிட்டு, "அப்படியே அவரேதான்" என்று அழுவார்கள். "படைச்சவனுக்கே போட்டிக் கடையா மச்சான்?" என்று நான் சீண்டுவேன்.

மாமனார் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலேறிப் போனவர் அவருடைய அப்பா. போனவர் போனவர்தான். மிஞ்சியது ஒரே படம். சுவர் ஈரம் அதிலும் முகத்தைத்தான் தின்றது. மச்சான் வழக்கம்போல, மாமனாரிடம் சொல்லாமலே, அவருடைய ஒரு படத்திலிருந்த முகத்தை வைத்தே அதை நிரப்பினான். பூஞ்சை பிடித்த பழசைக் கிழித்தும் போட்டான். அந்தப் புதுப் படத்தைப் பார்த்துப் பார்த்தே மாமனாருக்கு அப்பாவின் முகம் மனப்பாடமானது.

போன வருடம் மாமனார் படுக்கையில் விழுந்தார். "எங்கள வேணும்னே விட்டுட்டுப் போனாரா, இல்ல வழியில செத்தாரா? அது தெரியாம எனக்குக் கண்ணு மூடாதுடா" என்றார். மச்சான் அந்தப் படத்தை இணையத்தில் போட்டுத் தேடினான். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். அவருடைய தாத்தாவும் அதே ஊர், அதே பேராம். திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கி, விட்டுவந்த பிள்ளையை நினைத்துச் சாகும்வரை புலம்பினாராம்.

"உங்க படத்துல முகம் வேற மாதிரி இருக்கு. எங்க வீட்டுப் படத்த அப்பாவுக்குக் காட்டுங்க, அவரே சொல்லட்டும்" என்றார்.

போனை மாமனாரின் கண்ணுக்கு நேரே பிடித்தோம். வெகுநேரம் பார்த்தார்.

"இவர் இல்ல. எங்கப்பா முகம் எனக்குத் தெரியாதா? அவருக்கு நெத்தி இப்படி இருக்காது."

அந்தப் பெண்மணி மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மச்சான் என்னை வெளியே இழுத்துப் போனான். "மாப்ள, நம்ம படத்துல இருக்குற நெத்தி தாத்தாவோடது இல்ல, நான் ஒட்டுன எங்கப்பாவோடதுடா" என்றான். படத்தைப் போட்டுத் தேடிய அத்தனை நாளில் தடிமாடு மாதிரி இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

உள்ளே போய் உள்ளதைச் சொன்னான். மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னத் தேத்துறதுக்குப் பொய் சொல்றியா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணியை மறுபடி கூப்பிட்டான். "பெத்த பிள்ளையே இல்லைன்னுட்டாரே. இனிமே எங்கள விட்டுடுங்க" என்றார்.

மாமனார் கடைசி மூச்சு வரைக்கும் "தேடுடா" என்றார். மச்சானும் "தேடுறேன்ப்பா, தேடுறேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.