இரண்டாவது வரியில் மாமா

திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், சொந்த வீட்டு வயரில் ஏமாந்தேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

எங்கள் வீடு கிளியனூரில். கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் தொடங்கினோம். எனக்கும் கணவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டோம். ஏழு வருடமாக ஊர் சொன்ன ஆறுதலை எல்லாம் வாங்கிக்கொண்டவள் நான். திருநீறு, வேப்பங்கொழுந்து, யாரோ கொடுத்தனுப்பிய லேகியம். ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு டீ போட்டே என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இந்த ஒரு காரியமாவது எங்களோடு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த ஆசை ஒரு காதுகுத்து வரைக்கும்தான் நிலைத்தது. பந்தியில் கணவரின் சித்தி, எனக்கு அத்தை முறை, சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்றார்.

"விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கீங்களாமே, நல்லதுதான். மாமா பெருமுக்கல் மலைக்கு வேண்டிக்கினு இருக்காரு. கொழந்த பொறந்தா மொத மொட்ட அங்கதான், சொல்லிட்டேன்."

குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. எனக்குக் காது சுட்டது. பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மாமா என்றால் கணவரின் சித்தப்பா. எங்கள் பக்கத்துக்குக் கேபிள் டி.வி. அவர்தான், இன்டர்நெட்டும் அவர்தான். அவர் கடையில் ஒரு பெட்டி இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து எந்தத் தளத்தைக் கேட்கிறார்கள் என்று அதன் திரையில் வரிசையாக ஓடும். லைன் கம்ப்ளைன்ட் வந்தால் பார்ப்பதற்காக வைத்தது. மாமா அதைக் காலைப் பேப்பர் மாதிரி படிப்பார். யார் வீட்டிலாவது ரிசல்ட் பார்த்தால், மார்க் என்னவென்று தெரியும் முன்னே ஸ்வீட்டோடு வாசலில் நிற்பார். வேவு பார்க்கிறோம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. உறவுக்காரர் வீட்டுக் கஷ்டம் தெரிந்தும் விசாரிக்காமல் இருந்தால் எங்கள் பக்கத்தில் அதுதான் குற்றம்.

"நான் போய்ப் பேசிட்டு வர்றேன்," என்றார் கணவர்.

"வேணாங்க. பேசுனா, இன்னாத்துக்கு மறைக்கறாங்கன்னு அது ஒரு சேதியாப் போவும்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். நான் உலைமூடி தேடவில்லை. அடுப்பையே அணைத்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் முதலில் அதன் எண் முகவரியை யாரிடமாவது விசாரிக்கும். அந்த விசாரணைக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். எங்கள் லேப்டாப் விசாரித்ததெல்லாம் மாமாவின் பெட்டியிடம். ஷேர் ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்கணும் என்று எல்லார் காதிலும் விழக் கேட்பது மாதிரி. நெட்வொர்க் செட்டிங்ஸில் தானாக என்றிருந்ததை மாற்றி, முதல் வரியில் வெளியே இருக்கும் நம்பகமான ஒரு சர்வரின் எண்ணைப் போட்டு, மறையாக்கத்தை ஆன் செய்தேன். இனிமேல் கேள்வி பூட்டிக்கொண்டு போகும், பதில் பூட்டிக்கொண்டு வரும். பத்து நிமிட வேலை. டீ கூட ஆறவில்லை.

இரண்டாவது வரி காலியாக இருந்தது. வெளி சர்வர் பதில் சொல்லாவிட்டால் நெட் நின்றுவிடுமே என்று, எதுக்கும் இருக்கட்டும் என்று மாமாவின் பெட்டி எண்ணையே அதில் போட்டேன். அந்தப் பெட்டிக்கு மறையாக்கம் தெரியாது. தெரிந்தேதான் செய்தேன். மிக்ஸி வாங்கின பிறகும் அம்மியை வெளியே போடாத வீட்டில் பிறந்தவள் வேறெப்படிச் செய்வாள்?

பத்து நாள் கழித்து, பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மாமா வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, நேத்து சாயந்தரம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பாத்துக்கினு இருந்தியா? நல்ல சேதிதான?"

அவர் முகத்தில் அத்தனை பாசம். அதனால்தான் எரிச்சல் இரண்டு மடங்கானது. வந்த பஸ்ஸில் ஏறினேன். திண்டிவனம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

அன்று சாயந்தரம், லைனில் போவதையும் வருவதையும் பிடித்துக் காட்டும் மென்பொருளை லேப்டாப்பில் ஓடவிட்டேன். வகுப்பில் நானே நடத்துவதுதான். சாயந்தரத்தில் ஊரே நெட்டில் படம் பார்க்கும், லைன் மந்தமாகும். முதல் வரியிலிருந்து பதில் தாமதமானதும் லேப்டாப் கூசாமல் இரண்டாவது வரிக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரியின் முழுப் பெயரும் பச்சையாக மாமாவின் பெட்டிக்குப் போனது. அவரை உள்ளே உட்காரவைத்தது நான்தான்.

அந்த எண்ணை அழித்தேன். அந்த இடத்தில் வெளி சர்வரின் இன்னொரு எண்ணைப் போட்டு அதற்கும் மறையாக்கத்தை ஆன் செய்தேன். பூட்ட முடியாவிட்டால் திறந்தபடி கேட்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிட்டேன்.

"நெட்டு நின்னு போச்சுன்னா?" என்றார் கணவர்.

"நிக்கட்டும். நின்னா நமக்குத்தான தெரியும்."

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் எங்கேயும் இல்லை. இரண்டு போனிலும் அதே மாதிரி செய்தேன். கெட்டிக்காரன் வேறு வழியில் துப்பு எடுக்கலாம், மறுக்கவில்லை. மாமாவின் பெட்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. லேப்டாப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்து திறந்தோம். இந்த முறை கரு நிற்கவில்லை.

அன்றும் மறுநாளும் அழுதேன். யாரும் கதவைத் தட்டவில்லை. திருநீறு வரவில்லை, லேகியம் வரவில்லை. யாருக்கும் டீ போட வேண்டியிருக்கவில்லை. கணவரின் மடியில் தலைவைத்து, அழுகை தீரும்வரை அழுதேன். ஏழு வருடத்தில் அப்படி அழக் கிடைத்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை காலை அத்தை ஒரு பை நிறைய வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, கொண்டுவந்தார்.

"இன்னா கொழம்பும்மா?"

"கருவாடு அத்த."

"உங்க லைன்ல இப்ப ஒண்ணுமே தெரியலன்னு மாமா சொல்லிக்கினு இருந்தாரு. நெட்டு வேலை செய்யுதா?"

"நல்லா வேலை செய்யுது அத்த," என்றேன்.

மல்லாட்டையை வாங்கி முறத்தில் கொட்டினேன். விழுப்புரத்தில் அடுத்த முறைக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் வந்தால் நானே போய்ச் சொல்வேன்.