விதைக்கு விட்ட தக்காளி

சாமிக்குக் கொடுத்ததற்குப் போய் யாராவது கோபப்படுவார்களா என்று ஊரே என்னைக் கேட்கிறது. நான் படுகிறேன். இன்னும் அடங்கவில்லை.

அந்தத் தக்காளி, கொடைக்கானலில் இருந்த என் அக்கா வளர்த்த பழைய ரகம். கடையில் கிடைக்கிற ஒட்டுரகம் இல்லை. பழத்திலிருந்து விதை எடுத்து, மறுபடி நட்டு, அப்படியே வருடக்கணக்காகக் காப்பாற்றி வந்தாள். ஒரு பழத்தைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். சப்பையாக, மடிப்பு மடிப்பாக இருக்கும்; அறுத்தால் உள்ளே முழுக்கச் சதை. அக்கா இறந்த பிறகு தோட்டத்தை வாங்கியவர் எல்லாவற்றையும் அழித்து வாடகை அறை கட்டிவிட்டார். அவள் கடைசியாகக் கொடுத்த விதைப் பொட்டலம் ஒன்றுதான் மிச்சம்.

கடலோரம், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. ஐப்பசி மழையோடு அத்தனை விதையையும் போட்டேன். முளைத்ததே கொஞ்சம், அதிலும் பிழைத்தது ஒரு செடி. குடிக்க வாங்கும் தண்ணீரில் பங்கு, அரிசி கழுவிய தண்ணீர் என்று ஊற்றி வளர்த்தேன். பூவெல்லாம் காற்றில் கொட்டி, ஒரே ஒரு பிஞ்சு நின்றது. மயிலுக்குப் பயந்து, புதுமடம் மீனவர்களிடம் கேட்டு வாங்கிய கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டினேன்.

"இது வெதைக்கு. செடியிலேயே நல்லாப் பழுக்கட்டும், தொடாதீக" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு தடவையா சொன்னேன்?

மாசித் திருவிழாவில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். கோயில் ஏலத்தில் எலுமிச்சை, தேங்காய், சேவல் என்று கூவிக்கொண்டு வந்தவர், திடீரென்று தக்காளி என்றார். நிமிர்ந்து பார்த்தால் தாம்பாளத்தில் என் தக்காளி, குங்குமப் பொட்டோடு. பக்கத்தில் என் வீட்டுக்காரர் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். முதல் காய்ப்பு சாமிக்காம். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாத மனுஷன்!

எங்கள் கோயிலில் பெண்கள் ஏலம் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள் என்று அவருக்குச் சாடை காட்டினேன். நான் மெச்சுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டிச் சிரித்தார். பழம் ஐஸ் கடைக்காரர் வீட்டுக்குப் போனது.

மறுநாள் விடிந்ததும் விதையையாவது கேட்டு வாங்கலாம் என்று அங்கே போனேன். ஐஸ் கடைக்காரர் மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

"என்னா ருசிங்க மதினி! ஜூஸ் அடிச்சு, வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் குடுத்தேன்."

"வெதை?"

"அது எதுக்கு? இங்கன சாக்கடைல கொட்டிட்டேன்."

வெட்கத்தை விட்டுக் குனிந்து பார்த்தேன். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "செடியும் காஞ்சுபோச்சு. எங்கக்கா வெதைய ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீகளே!"

"கடைல வாங்கிக்கலாம்ல? அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?"

"நீங்க வயல்ல போடுற முண்டு மொளகாயில வெதைக்குன்னு ஒதுக்கி வைக்கிற பழத்த நான் எடுத்துக் கோயில்ல குடுத்தா விடுவீகளா?"

யோசிக்கவே இல்லை அந்த மனுஷன். "அது வெள்ளாமைடி. இது நீ பொழுது போகாம வச்சது."

வாசலில் போய் உட்கார்ந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. மதியம் வந்து, சோறு எங்கே என்று கேட்டார்.

"இன்னைக்கு எனக்குப் பொழுது நல்லாப் போகுது. பொழுது போகாதன்னைக்கு ஆக்குறேன்" என்றேன்.