வெண்டல் குனிந்தபோது

என் தம்பி வெண்டலுக்குக் கூரை வேலை தவிரத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் எறிவது. அதைப் பிடித்துத் தரையில் நிறுத்த ஒருத்தன், உதைக்க ஒருத்தன். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் இதற்கென்றே ஆள் உண்டு. ஒழுங்காக எறிந்தால் ஒருத்தரும் அவன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பிசகினால் மைக்கில் ஊருக்கே கேட்கும்.

கல்லூரியின் கடைசி ஆட்டத்தில் கேட்டது. மழையில் பந்து வழுக்கி, பிடிப்பவன் தலைக்கு மேலே போய்விட்டது. அதிலிருந்து எங்கள் ஊர் பர்மிங்காமில் அவனைக் கிண்டல் செய்யாத வாய் இல்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தால் டீக்கன் ரூஃபஸ், "வெண்டல், பின்னால குடுப்பா, பார்த்து!" என்பார். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அப்போதுதான் புது ஃபுட்பால் லீக் அறிவித்தார்கள். எங்கள் ஊருக்கு இது புதுசா? மேளதாளத்தோடு வரும், கொஞ்ச நாளில் மூட்டை கட்டும். செத்துப்போன அணிகளின் சட்டைகளே என் அலமாரி நிறையக் கிடக்கின்றன.

"வேணாம்டா. சூடு கண்ட பூனைக்காவது புத்தி வரும்," என்றேன்.

"ஒரே ஒரு தடவை, அக்கா. ஒழுங்கா ஒண்ணு எறிஞ்சுட்டா போதும்."

என் மெத்தையைச் சுவரில் சாத்தி, அதன்மேல் பந்தை எறிந்தே பஞ்சைப் பிதுக்கினான். அணியிலும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால், புள்ளி எடுத்ததும் உதைக்கிற கூடுதல் உதையே இந்த லீக்கில் கிடையாதாம்! விறுவிறுப்பு வேணுமாம். பாவிகள், அவன் பிழைப்பில் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள்.

முதல் ஆட்டம். தூறல் வேறு. கடைசி நிமிஷம்வரை வெண்டல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

"உன் தம்பிக்கு நல்ல உத்தியோகம்மா. ஓசியில ஆட்டம் பாக்குறான்," என்று ரூஃபஸ் வேர்க்கடலையை மென்றார்.

"கடலையைத் தின்னுங்க, என் வாயைக் கிளறாதீங்க."

இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் முடியப்போகிறது, ஒரு உதைதான் பாக்கி; கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடலாம். வெண்டல் மைதானத்துக்குள் ஓடினான். அதே மழை, அதே வழுக்கல். கடவுளே என்று ரூஃபஸ் கையையே பிடித்துக்கொண்டேன்.

அவன் குனிந்தான். அத்தனை ஆயிரம் பேரும் வாயை மூடினார்கள். எங்கள் சர்ச்சில்கூட அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. பந்து கிளம்பியதே தெரியவில்லை, போய்ச் சேர்ந்ததுதான் தெரிந்தது. உதை! கம்பங்களுக்கு நடுவே நேராகப் போனது. அரங்கமே அதிர்ந்தது. இவ்வளவு பெரிய சத்தம் என் தம்பியின் கையிலிருந்தா கிளம்பியது என்று திகைத்து நின்றேன். மைக்கில் உதைத்தவன் பேரையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரூஃபஸும் உதைத்தவன் பேரைத்தான் கத்தினார்.

வெளியே வந்த வெண்டலின் முழங்காலெல்லாம் சேறு.

"அக்கா, மைக்ல என் பேரு வந்துச்சா?"

"ஒரு தடவைகூட வரலடா."

அப்படியே என் தோளில் சாய்ந்து, "அப்பாடா" என்று அழுதான்.